மூன்றாம் தந்தி

டார்லீன் மூன்றாவது திருகை மெல்ல முறுக்கினாள். தந்தி கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, சரியான இடத்துக்கு வந்து நின்றது. கட்டைவிரலால் ஆறு தந்திகளையும் ஒருமுறை வருடிப் பார்த்தாள். இப்போது சரி. அண்ணனின் கிட்டாரைச் சாப்பாட்டு மேசையில், பன்றி இறைச்சித் துண்டுகள் அடுக்கிய தட்டுக்குப் பக்கத்தில் படுக்கவைத்தாள்.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெஸ் வந்தான். கையில் டிரம், தோளில் பனி. அவள் அண்ணன் டேலின் இசைக்குழுவில் பதினோரு வருடம் டிரம் அடித்தவன். இப்போது வீடுகளுக்கு வெப்பக் கொதிகலன் பொருத்துகிறான்.

"இப்ப என்ன வாசிச்ச?"

"எங்க வாசிச்சேன்? சுருதி சேர்த்தேன்."

"எதுல?"

"இதுலதான். ஏன் மூஞ்சி அப்படிப் போகுது?"

வெஸ் டிரம்மைத் தரையில் வைத்தான். கம்பளித் தொப்பியைக் கழற்றி அதன்மேல் போட்டான்.

"டார்லீன், அது ஏற்கெனவே சுருதியிலதான் இருந்துச்சு."

டேல் புதன்கிழமை காலை, இதே வீட்டின் பின்னறையில் இறந்துபோனான். கணையத்தில் கட்டி. இன்று மதியம் போலந்துக்காரர் சங்கக் கூடத்தில் அஞ்சலிக் கூட்டம். தேவாலயப் பாட்டு எதுவும் வேண்டாம் என்று அவன் சொல்லியிருந்தான். அவனுடைய பாட்டு 'மார்ச் மாத ஏரி' ஒன்று போதும். அதையும் இசைத்தட்டில் போடக்கூடாது, வாசிக்க வேண்டும். "கிட்டார் தயாரா இருக்கு. நீயே வாசிச்சிடலாம், ஒரு விரல் போதும்" என்று டார்லீனிடம் சொன்னான். அவன் கேட்டது அது ஒன்றுதான்.

போன ஞாயிறு அவன் கட்டிலில் கிட்டாரை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, மரத்தில் காதை ஒட்டி, நெடுநேரம் திருகுகளைத் திருப்பிக்கொண்டிருந்ததை அவள் சமையலறையிலிருந்து பார்த்தாள். இன்று காலை பெட்டியைத் திறந்து வருடியபோது சகிக்கவில்லை. அவனுடைய பழைய சுருதிகளின் நினைப்பே வரவில்லை; மருந்தில் அவன் காதும் போய்விட்டது என்று நினைத்தாள். அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் நினைத்தாள். காப்பி இறங்குவதற்குள் எல்லாவற்றையும் சரிசெய்து முடித்தாள்.

"எத்தனை கம்பியைத் தொட்ட?"

"நாலு. அஞ்சா இருக்கும்."

"தொடுறதுக்கு முன்னாடி எதெது எங்க இருந்துச்சு?"

"தப்பா இருந்துச்சுன்னுதான் தெரியும். எங்கன்னு யார் பார்த்தா?"

வெஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். ஒரு இறைச்சித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

கிட்டாருக்கு எங்கே போனாலும் பொதுவான ஒரு சுருதி முறை உண்டு. டார்லீன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருவது அதைத்தான். டேல் அதைப் பதினேழு வயதில் கைவிட்டான். சோம்பேறித்தனம் என்றாள் அம்மா. அது முழுக்கப் பொய்யும் இல்லை. பொது முறையில், பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ஒவ்வொரு கூட்டொலிக்கும் விரல்களை மடக்கி, நீட்டி, தந்திகளை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்குப் பதிலாகத் தந்திகளையே முன்கூட்டி வேறு வேறு சுரங்களில் நிறுத்திவிட்டால், சும்மா வருடினாலே வேறெந்தக் கிட்டாரிலும் வராத ஒரு ஒலி கிடைக்கும். விரல்களால் பிடிக்கவே முடியாத கூட்டு அது. டேல் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சுருதியைக் கண்டுபிடித்தான். ஒன்றையும் எழுதிவைக்கவில்லை. கேட்டால், காதில் இருக்கிறது என்பான்.

குழுவுக்கு 'வின்டர் பார்க்கிங்' என்று பெயர். பனிக்காலத்தில் இங்கே வண்டி நிறுத்தாதே என்று ஏரி நகரத்துத் தெருக்களில் தொங்கும் பலகையிலிருந்து எடுத்தது. அம்மா வீட்டு நிலவறையில் தொடங்கினார்கள். டேல் பாடி கிட்டார் வாசித்தான், அவன் மனைவி மார்னி பேஸ் கிட்டார் வாசித்துக் கூடப் பாடினாள், வெஸ் டிரம். பழைய வேன் ஒன்றில் ஊர் ஊராகப் போனார்கள். ரசிகர்கள் வீட்டுத் தரையில் படுத்தார்கள். கல்லூரி வானொலிகளில் மாணவர்கள் பாட்டைப் போட்டார்கள். நான்கு இசைத்தட்டு வந்தது. அதில் 'மார்ச் மாத ஏரி' என்ற ஒரே ஒரு பாட்டுதான் வெளியுலகத்துக்குத் தெரியும்.

"செல்லுல இருக்குமே, ரெக்கார்டைக் கேட்டுக் கண்டுபிடிச்சிடலாம்ல?" என்றாள் டார்லீன்.

"கண்டுபிடிக்கலாம். பாதி."

வெஸ் செல்லை எடுத்து மேசையில் வைத்துப் பாட்டைப் போட்டான். டேலின் குரல் வந்தது, மெல்லிசாக, பதினைந்து வயதுப் பையனுடையதைப் போல.

"இது அவன் குரலா? நல்லாக் கேளு."

இசைத்தட்டை வெளியிட்டவனுக்குப் பாட்டு மெதுவாகப் பட்டது. யாரையும் கேட்காமல், ஒலிநாடா ஓடும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி அச்சுக்கு அனுப்பிவிட்டான். நாடா வேகமாக ஓடினால் பாட்டு சீக்கிரம் முடியும். அது மட்டுமல்ல, அதிலுள்ள எல்லாச் சுரமும் சேர்ந்து மேலே ஏறும். கிட்டாரும் ஏறும், குரலும் ஏறும். தட்டு கைக்கு வந்தபிறகுதான் மூவருக்கும் தெரிந்தது. அதற்குள் வானொலிகளுக்குப் போயிருந்தது. பிறகு ஒரு தொலைக்காட்சித் தொடரில், ஒரு பெண் பனியில் நடந்து போகும் காட்சிக்கு அதையே போட்டார்கள். அதன்பின் அதுதான் பாட்டு. மேடையில் சரியான வேகத்தில் வாசித்தால், ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். கையெழுத்து வாங்க வந்தவர்களிடம் டேல் சொல்வான்: "ரெக்கார்டுல பாடுறது என் தம்பி. நல்லாப் பாடுவான், பாவம், அவசரக்காரன்."

"கம்பிக்குக் கம்பி எவ்வளவு தள்ளின்னு ரெக்கார்டு சொல்லிடும்" என்றான் வெஸ். "மொத்தமா எவ்வளவு கீழ இறக்கணும்னு அதுக்கே தெரியாது. அது டேலுக்குத்தான் தெரியும்." கிட்டாரைப் பார்த்தான். "இதுக்கும் தெரிஞ்சிருந்துச்சு."

"என்னை ஏசணும்னா ஏசு. நக்கல் பண்ணாத."

"ஏசுறதுக்கு நேரமில்ல. காப்பி ஊத்து."

பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஒரு தந்தியை மட்டும் மீட்டும் இடம் வந்தால் வெஸ் நிறுத்துவான். டார்லீன் அந்தச் சுரத்தை முனகிக்கொண்டே திருகைத் திருப்புவாள். இரண்டு ஒலிகள் ஏறக்குறைய ஒன்றாகும்போது இடையில் ஒரு அலைவு கேட்கும், வாவ்-வாவ் என்று. நெருங்க நெருங்க அலைவு மெதுவாகும். முழுவதும் நின்றால் பொருந்திவிட்டது என்று பொருள். ஐந்து தந்திகள் அப்படிப் பொருந்தின. மூன்றாவது மட்டும் எங்கே நிறுத்தினாலும் உறுத்தியது.

"காலையில தொட்டப்ப அது எப்படிக் கேட்டுச்சு?" என்றான் வெஸ்.

டார்லீன் யோசித்தாள். "ரெண்டுங்கெட்டானா. சந்தோஷமாவும் இல்ல, சோகமாவும் இல்ல. அதான் முதல்ல அதைச் சரிபண்ணினேன்."

"அதேதான். வேணும்னே அப்படி வைப்பான்."

கூட்டொலி மகிழ்ச்சியாகக் கேட்பதும் துக்கமாகக் கேட்பதும் பெரும்பாலும் ஒரு சுரத்தின் வேலை. அதை அரைச் சுரம் இறக்கினால் துக்கம், ஏற்றினால் மகிழ்ச்சி. டேல் அதை இரண்டுக்கும் நடுவில், பியானோவில் கட்டையே இல்லாத ஓர் இடத்தில் நிறுத்தியிருந்தான். டார்லீன் திருகைப் பிடித்து அங்கே கொண்டுபோனாள். பல் கூசியது. செல்லில் ஓடிய பாட்டோடு அது பொருந்தியது.

பதினொரு மணிக்கு மார்னி கிளீவ்லாந்திலிருந்து வந்து சேர்ந்தாள். நரைத்த தலை, முழங்கால் வரை மேல்கோட்டு, கையில் பேஸ் பெட்டி. டேலை விட்டுப் போனபிறகு இந்த வீட்டுக்கு வந்ததில்லை. வெஸ்ஸோடு அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. டார்லீனை அணைத்துக்கொண்டாள். வெஸ்ஸைப் பார்த்தாள்.

"ஊதிப்போய்ட்டடா."

"நீ மட்டும்? தபால்காரர் மாதிரி இருக்க."

"தபால்லதான் வேலை பாக்குறேன்."

"தெரியும்."

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். டார்லீன் நடந்ததைச் சொன்னாள். மார்னி கோட்டைக் கழற்றாமலே கேட்டாள்.

"அந்தப் பாட்டுல என் கடைசி வரி பாதாளத்துல இருக்கும்" என்றாள். "தொண்டை அடி தட்டும். ஒவ்வொரு ராத்திரியும் வருமா வராதான்னு பயந்துக்கிட்டே இறங்குவேன்."

"அப்ப உன் தொண்டைக்குத் தெரியும்" என்றான் வெஸ். "நீ எங்க தட்டுறியோ அங்க இறக்கிடலாம்."

மார்னி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். கடைசி வரியில் குரல் இறங்கியது. இன்னும் இறங்கியது. எங்கும் தட்டவில்லை. தடையில்லாமல் கீழே போய், அதற்கும் கீழே போனது. கண்ணைத் திறந்தாள்.

"குரல் இறங்கிப்போச்சு. வயசு."

பின்னறையிலிருந்து மருத்துவக் கட்டிலைக் கொண்டுபோக இரண்டு பேர் வந்தார்கள். டார்லீன் போய்க் கதவை அகலத் திறந்துவிட்டாள். கட்டில் மடங்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது மார்னி தொண்டையில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு மறுபடி முனகிக்கொண்டிருந்தாள்.

"முதல் வரியைப் பாடுறேன். அது நடுக்குரல், அவ்வளவா மாறியிருக்காது" என்றாள். யோசிக்காமல், நடந்து போகிறவள் பாடுவது போலப் பாடினாள். டார்லீன் அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு ஆறு தந்திகளையும் ஒன்றாகக் கீழே இறக்கினாள்.

"சரியா?"

"கிட்ட இருக்கு."

"எவ்வளவு கிட்ட?"

"டார்லீன், அவன் எந்திரிச்சு வந்து சொன்னாத்தான் உண்டு."

வெஸ் சிரித்தான். பிறகு மார்னியும். டார்லீன் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

சங்கக் கூடத்தில் ஐம்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். டேல் இருபது வருடம் வேலை பார்த்த பிளாஸ்டிக் தொழிற்சாலை ஆட்கள் ஒரு பக்கம், குழுவின் பெயர் போட்ட சட்டை இறுகிப்போன நடுவயதுக்காரர்கள் ஒரு பக்கம். பின்னால் உணவு மேசைகள். தொழிற்சாலையில் அவனோடு வேலை செய்த ஒருவன், டேல் பாடுவான் என்பதே தனக்குத் தெரியாது என்று பேசிவிட்டு உட்கார்ந்தான். பிறகு மூவரும் மேடை ஏறினார்கள்.

டார்லீன் தந்திகளை மெல்லத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. கலைந்திருந்தது.

பெட்டி காரின் பின்னால் குளிரில் கிடந்திருந்தது. குளிரில் எஃகு சுருங்கும், தந்தி இறுகிச் சுருதி ஏறும். இங்கே மேடைக்குப் பக்கத்திலேயே வெப்பக் குழாய். சூட்டில் எஃகு உடனே தளரும். மரம் அதன் பாட்டுக்கு மெதுவாக மாறும். தடித்த தந்தியும் மெல்லிய தந்தியும் ஒரே அளவில் மாறுவதில்லை. ஆறும் ஆறு திசையில் போயிருந்தன.

"கொஞ்சம் இருங்க" என்றாள், யாரிடம் என்றில்லாமல். திருகுகளைத் திருப்பத் தொடங்கினாள்.

மார்னி ஓரடி முன்னால் வந்து மைக்கின் முன் நின்றாள். அவளாக நினைத்து வந்ததாகத் தெரியவில்லை. கால்கள் கொண்டுவந்து நிறுத்தியிருந்தன.

டேலிடம் ஒரே கிட்டார்தான் இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் மேடையிலேயே சுருதியை மாற்ற வேண்டும். அந்த இடைவெளியில் கூட்டம் மதுக் கடைப் பக்கம் நழுவிவிடும். நழுவாமல் வைத்திருப்பது மார்னியின் வேலை. முதலில் வேன் கதை சொன்னாள். பிறகு மாமியார் கதை. வருடங்கள் போகப் போக அவர்கள் வீட்டுக்குள் நடப்பதெல்லாம் மேடைக்கு வந்தது. பாட்டை விட அவள் பேச்சுக்கு வந்தவர்களும் உண்டு. முதுகைக் காட்டிக் குனிந்து திருகுகிறவனுக்கு அது காதில் விழுந்ததா என்று யாருக்கும் தெரியாது. கடைசியாகக் கொலம்பஸில், இரண்டு பாட்டுக்கு நடுவில், "நாளைக்கு இவனை விட்டுப் போறேன். இன்னும் இவன்கிட்ட சொல்லல" என்றாள். கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் நின்ற டார்லீனும் சிரித்தாள். டேல் சுருதி சேர்த்து முடித்தான். மீதிப் பாட்டுகளை வாசித்தார்கள்.

இப்போது மார்னி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டம் காத்திருந்தது. சட்டை இறுகிய ஆட்களில் ஒருவர் தயாராகச் சிரிப்பை வைத்திருந்தார். மார்னி வாயைத் திறந்தாள். மூடினாள். திருகுகள் கிறீச்சிடுவது கூடம் முழுக்கக் கேட்டது.

ஐந்து தந்திகள் முடிந்தன. டார்லீன் மூன்றாவதற்கு வந்தாள். நடுவில், அந்த இடமில்லாத இடத்தில் நிறுத்தினாள். மறுபடி தட்டிப் பார்த்தாள். உறுத்தியது. இன்னும் ஒரு இம்மி ஏற்றினால் போதும், எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஒரு இம்மி இறக்கினாலும் போதும். இத்தனை வருடம் பிள்ளைகளின் கிட்டார்களில் அதைத்தானே செய்திருக்கிறாள். விரல்கள் திருகின் மேலேயே இருந்தன.

"ஆச்சா?" என்றான் வெஸ் பின்னாலிருந்து, மெதுவாக.

டார்லீன் திருகிலிருந்து கையை எடுத்தாள்.

"ஆச்சு."

மார்னி மைக்கைத் தன் வாயிலிருந்து கீழே இறக்கி, கிட்டாரின் பக்கமாகத் திருப்பிவைத்தாள்.