இரண்டு அளவு பெரிது

1977ஆம் ஆண்டு ஜூன் மாதம், அவுஸ்திரேலியாவின் குளிர்காலத்தில், மெல்பேர்னின் நோபல் பார்க்கில், ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் இரவு உடுப்பில் மின்சார ஹீற்றரிலிருந்து தீப்பற்றியது. கழுத்தும் இடது கையும் வெந்தன.

ஓகஸ்டில் அந்த வீட்டுக்கு இரஞ்சிதம் வந்தார். பள்ளிக்கூடங்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் நுகர்வோர் கல்விக் கையேடுகள் தயாரிக்கும் அலுவலகத்தில் அவர் வேலை செய்தார். குளிர்கால உடுப்புகள் பற்றிய பக்கத்தை எழுதும் பொறுப்பு அவருடையது. விலைச்சீட்டையும் எச்சரிக்கைச் சீட்டையும் எப்படி வாசிப்பது என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. உடுப்பின் அளவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சிறுமியின் தாய் யோகராணி தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"ரெண்டு அளவு பெரிசா, பத்து வயசுப் பிள்ளையின்ர அளவு வாங்கினனான், அக்கா. வளருற பிள்ளைதானே எண்டு. கீழ கிடந்து இழுபட்டது. நீங்களும் அப்பிடித்தானே வாங்குவீங்கள்?"

"ஓம். எங்கட சனம் வாங்கிற சட்டைக்குள்ள ரெண்டு பிள்ளையளை விடலாம்."

"அப்ப உங்கட பேரைப் போட்டு எழுதுங்கோவன்."

இரஞ்சிதம் அடுத்த அறைப் பக்கம் பார்த்தார். அங்கே சிறுமி கமலினி தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்துக் கட்டு இன்னும் அவிழ்க்கப்படவில்லை.

"பேர் ஒருத்தரின்ரயும் வராது, தங்கச்சி. அளவைப் பற்றி மட்டும் ஒரு வரி."

"இஞ்ச இருக்கிறது எத்தினை தமிழ்க் குடும்பம்? பேர் வேணுமே? இவளின்ர வகுப்பிலயும் அதைக் குடுப்பீங்கள்தானே?"

"குடுப்பம்."

யோகராணி கதிரையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். "ஆர் வாங்கினது எண்டு ஆஸ்பத்திரியில நேர்ஸ் கேட்டவ. இவர் ஒண்டும் சொல்லேல்லை. என்னைத்தான் பாத்தார்." தேநீர்க் கோப்பையை இரஞ்சிதத்தின் பக்கம் தள்ளிவைத்து, "எழுதுங்கோ. வேற பிள்ளைக்கு வரக்கூடாது. ஆனா அம்மா எண்டு மட்டும் போடாதேங்கோ," என்றார்.

"போடமாட்டன்," என்றார் இரஞ்சிதம்.

பிள்ளையின் உடலுக்கு அளவான இரவு உடுப்பையே வாங்க வேண்டும், தொங்கும் துணி எளிதில் தீப்பற்றும் என்று அவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். பதிப்பாசிரியர் ஹெலன் அதில் ஒரு திருத்தம் செய்தார். வாங்குபவரை நேரே பார்த்துப் பேச வேண்டும் என்பது கையேட்டின் விதி. பிள்ளைகளின் உடுப்பை வாங்குபவர்கள் தாய்மார்தான் என்றார் அவர். 'தாய்மாரே' என்று வரி தொடங்கியது. உடுப்பை மகளின் தோளில் வைத்துப் பார்க்கும் ஒரு பெண்ணின் படமும் சேர்ந்தது.

'பெற்றோரே' என்று மாற்றச் சொல்லி இரஞ்சிதம் வாதாடினார். தந்தைமார் கடைக்குப் போய் இரவு உடுப்பு வாங்கியதைத் தான் பார்த்ததில்லை என்று ஹெலன் சிரித்தார். மறுநாள் பிரதி அச்சகத்துக்குப் போக வேண்டும். வேண்டுமானால் அந்த வரியை முழுவதுமாக எடுத்துவிடலாம் என்றார்.

எடுத்தால் அடுத்த குளிர்காலத்திலும் பிள்ளைகள் அதே உடுப்போடு ஹீற்றருக்கு முன்னால் இருப்பார்கள். இரஞ்சிதம் வரியை எடுக்கச் சொல்லவில்லை. யோகராணியிடமும் போய்ச் சொல்லவில்லை.

ஒக்ரோபரில் கையேடு பள்ளிக்கூடங்களுக்குப் போனது. கமலினியின் வகுப்பில் ஆசிரியை அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசிக்க வைத்தார். பிள்ளைகள் திரும்பிக் கமலினியின் கழுத்தைப் பார்த்தார்கள். அவள் கையேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, படத்தில் இருப்பது நீயா என்று தாயிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

மறுநாளிலிருந்து யோகராணி மகளை அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. டிசம்பரில் குடும்பம் சிட்னிக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த ஆண்டு கையேடு திருத்தமின்றி மறுபதிப்பானது.