இரண்டு பக்கமும் ஒரே மாதிரி

காய்ச்சல் விட்டுவிட்டது. தட்டணுக்களும் ஏறிவிட்டன. டெங்கு என்று ஆஸ்பத்திரியில் வந்து படுத்தவன் எழுந்து உட்கார்ந்து ஊர் வம்பு பேச வேண்டிய நேரத்தில், தம்பி கண்ணைத் திறக்கவே சோம்பல்பட்டான். திறந்தால் இன்னும் மோசம்.

"லைசென்ஸ் எடுத்துட்டு வந்தீங்களா மேடம்?" என்று சொந்த அக்காவைப் பார்த்துக் கேட்டான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவன் தொழில். கேட்டுக்கொண்டே கட்டில் கம்பியை பிரேக் போல மிதித்தான்.

அவன் மனைவி சிரித்துவிட்டாள். யார்தான் சிரிக்க மாட்டார்கள்? கல்யாணத்தன்றே மயங்கி விழுவதுபோல நடித்து மாமனார் வயிற்றைக் கலக்கிய ஆள். அவன் எதை விளையாட்டுக்குச் செய்கிறான், எதை நிஜமாகச் செய்கிறான் என்று பெற்றவளுக்கே பிடிபட்டதில்லை.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. வார்டு டாக்டருக்கும் வரவில்லை. "எதுக்கும் மூளையை ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துடுவோம்" என்றார்.

அந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படங்களைப் பார்த்துச் சொல்லும் டாக்டர் அக்காதான். தம்பியின் படத்தையாவது வேறொருவரிடம் கொடுத்திருக்கலாம். கொடுப்பாளா?

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். இத்தனை வருஷமாக அவள் பார்க்கும் விதம் ஒன்றுதான். மூளையின் வலப்பாதியை இடப்பாதியோடு ஒத்துப் பார்ப்பாள். ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லையென்றால் அங்கேதான் கோளாறு. தம்பிக்கு இந்தப் பக்கம் எப்படியோ, அந்தப் பக்கமும் அப்படியே இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். நார்மல் என்று எழுதியும் கொடுத்தாள்.

அவ்வளவுதான், தம்பி மனைவி பிடித்துக்கொண்டாள். "அப்போ இவ்வளவும் நடிப்பா? நாங்க கிடந்து அல்லாடுறோம், உங்களுக்கு விளையாட்டா இருக்கா?" வீட்டுக்குப் போகப் பைகளைக் கட்டியபடியே அவனை வறுத்தெடுத்தாள். அவன் பாதித் தூக்கத்தில் "ம்" கொட்டினான்.

சிறிது நேரத்தில் வார்டு டாக்டர் அக்காவின் அறைக்கே வந்துவிட்டார். "மேடம், படம் நல்லா இருக்குங்கறீங்க. ஆளு நல்லா இல்லையே. கிள்ளினாத்தான் முழிக்கிறார். எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல."

அவளுக்கு மட்டும் புரிந்ததா என்ன? படத்தை மறுபடி திறந்தாள். வலம், இடம். இடம், வலம். ஒரு வித்தியாசமும் இல்லை. வேறு வழி தெரியாமல், தலைவலி என்று வந்து ஒன்றுமில்லாமல் திரும்பிப் போன யாரோ ஒருவரின் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

திக்கென்றது. மூளையின் நடுவில் இரண்டு பக்கமும் முட்டை வடிவில் இருப்பது தலாமஸ். மனிதனை விழிப்பாக வைத்திருக்கும் இடம். தலைவலிக்காரருக்கு அது சாம்பல் நிறத்தில் அமைதியாக இருந்தது. தம்பிக்கு இரண்டுமே வீங்கி, நடுவில் கறுத்து, சுற்றிலும் வெள்ளை வளையம் கட்டியிருந்தது. டெங்கு மூளைக்கு ஏறிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குக் கெட்டிருந்தால் ஒன்றோடு ஒன்றை ஒத்துப் பார்த்து என்ன தெரியும்?

"ஐ.சி.யூ.வுக்கு மாத்துங்க. இப்பவே" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

தம்பி மனைவி பைகளோடு தயாராக நின்றாள். "அவன் நடிக்கல மா. நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றாள் அக்கா.

அவள் கையிலிருந்த பை நழுவியது. "அண்ணி, நான் அவரை என்னென்ன பேச்சு பேசிட்டேன்! சரியாயிடுவாருல்ல?"

"தெரியல" என்றாள் அக்கா. அதுதான் உண்மை. அழுகையை அடக்கிக்கொண்டு தம்பியின் கன்னத்தைத் தட்டினாள். அவன் மெல்லக் கண் திறந்து, முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான்.

"மேடம், எனக்கு என்னமோ ஆகுது" என்றான். "எங்க அக்காகிட்ட படத்தைக் காட்டுங்க. அவ பாத்தா சரியா சொல்லிடுவா."