வழிகாட்டிக்குக் கிடைத்த கேடயம்

என் தம்பி மகள் கல்லூரியில் சேர்ந்ததும் ஓர் அறக்கட்டளை அவளுக்கு வழிகாட்டி ஒருவனை அனுப்பியது. எங்கள் குடும்பத்தில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அதனால் அவள் பாதியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள ஆளாம். கழுத்தில் அட்டை தொங்கும் இளைஞன். சனிக்கிழமைதோறும் என் இஸ்திரிக் கடை பெஞ்சில் வந்து உட்காருவான். சும்மா உதவி செய்ய வருகிறவனை நான் நம்புவதில்லை. சட்டைகளை எண்ணி வைத்துக்கொண்டேன்.

"உன் கனவு என்னம்மா?" என்று கேட்டான்.

"தூக்கமே வரல சார். கனவுக்கு எங்க போறது?"

முதல் பருவத்தில் அவள் புள்ளியியலில் தேறவில்லை.

"எனக்குப் படிப்பு ஏறல பெரியப்பா. சனிக்கிழமை அவர்கிட்ட சொல்லிட்டு நின்னுடுறேன். உங்ககூடத் துணி மடிக்கிறேன்."

"நீ மடிச்சா காலர் கோணிக்கும்" என்றேன். 

சனிக்கிழமை அவன் பேயறைந்தவன் மாதிரி வந்தான். அவள் வாய் திறப்பதற்குள் அவனே கொட்டிவிட்டான். அவனே இன்னும் பட்டம் வாங்கவில்லை. அதே புள்ளியியலில் மறுபடியும் போயிற்று. ஆபீசுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும்.

"இவருதான் உனக்கு வழி காட்டுறாராம்" என்றேன்.

"சும்மா இருங்க பெரியப்பா." அவன் தன் நோட்டில் போட்டுவைத்திருந்த கணக்கை வாங்கிப் பார்த்தாள். "சார், சராசரியே தப்பு. இங்க உட்காருங்க."

நிற்கப்போகிற பேச்சை அவள் எடுக்கவே இல்லை. இன்னொருவனுக்குச் சொல்லிக்கொடுக்க முதலில் தனக்குத் தெரிய வேண்டுமே. வாரமெல்லாம் புத்தகமும் கையுமாக இருந்தாள். சனிக்கிழமை அவனைப் பிழிந்து எடுத்தாள். மறுதேர்வில் அவள் தேறினாள். அவன் தேறவில்லை.

அறக்கட்டளை விழா வைத்தது. தோற்ற மாணவியைத் தேற வைத்த சிறந்த வழிகாட்டி என்று அவனை மேடைக்குக் கூப்பிட்டுக் கேடயம் கொடுத்தார்கள். இனி மற்ற வழிகாட்டிகளுக்கும் அவன்தான் பயிற்சி கொடுப்பானாம். இவள் விழுந்து விழுந்து கைதட்டினாள்.

மறு சனிக்கிழமை கேடயத்தைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தான். "இது உன்னுதும்மா."

"அதை வெச்சு நான் என்ன சார் பண்றது? புத்தகத்தை எடுங்க. முதல் பாடத்துலேருந்து வருவோம்."

மின்விசிறிக் காற்றில் துணிக் கணக்குச் சீட்டுகள் பறந்துகொண்டிருந்தன. கேடயத்தை எடுத்து அவற்றின்மேல் வைத்தேன். நல்ல கனம். சட்டைகளை மட்டும் இன்னும் எண்ணித்தான் வைக்கிறேன்.