பென்சில் சாயும் பக்கம்

அந்த அறையில் எல்லாமே சாம்பல் நிறம். சுவர், தரைவிரிப்பு, மேசை, எதிரெதிராகப் போட்ட இரண்டு நாற்காலிகள், ஜன்னல் இருந்த இடத்தை அடைத்த பலகை, எல்லாம். முன்பு படைவீரர்களின் சலவைத் துணிகளை அடுக்கி வைத்திருந்த கிடங்கு அது. மழை பெய்தால் இன்னும் லேசாகச் சோப்பு வாசனை வரும். உட்கார்ந்திருப்பவரின் மனசு எதிலும் போய் ஒட்டிக்கொள்ளக் கூடாது, அதற்காகத்தான் இந்த நிறம் என்று அந்த அறைக்குப் பொறுப்பான மேஜர் விளக்கினார். அவள் தலையாட்டினாள். அதற்கு முன்னால் அவள் பார்த்த வேலை, படைக்கு வாங்கும் பூட்ஸ் எத்தனை மாதத்தில் பிய்யும் என்று கணிப்பது.

அவள் புள்ளியியல் படித்தவள். கூட வேலை செய்பவர்கள் 'சராசரி மேடம்' என்பார்கள். வீட்டிலோ நாற்பதைத் தாண்டியும் 'பாப்பா'. இந்தப் பிரிவால் உருப்படியாக ஏதாவது நடக்கிறதா, இல்லை பணத்துக்குப் பிடித்த கேடா என்று கணக்குப் போட்டுச் சொல்லும்படி மேலிடம் அவளை அனுப்பியிருந்தது.

தொலைப்பார்வை என்ற சொல்லையே அவள் அங்கேதான் முதலில் கேட்டாள். மேஜர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். எதிரியின் கிடங்கோ, கப்பலோ, ஆள் அடைத்து வைத்த வீடோ, ஏதோ ஒன்றின் படத்தை உறையில் போட்டு ஒட்டி, மேலே ஒரு எண்ணை எழுதிவிடுவார்கள். பார்ப்பவர் உறையைத் திறக்க மாட்டார். எண்ணைக் கேட்டதும் காகிதத்தில் கை போனபடி ஒரு கிறுக்கல். பிறகு சூடா குளிரா, சொரசொரப்பா வழவழப்பா, என்ன சத்தம், என்ன வாசனை என்று மெல்ல மெல்ல வரும். கடைசியில் ஒரு படம் வரைவார். எதிரே உட்கார்ந்து ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். பார்ப்பவர் எதற்கும் பெயர் சொல்லக் கூடாது. 'பாலம்' என்று சொல்லிவிட்டால் மனசு அதற்கு மேல் தானாகவே பாலத்தைக் கட்ட ஆரம்பித்துவிடுமாம். அதனால் 'நீளமா இருக்கு, கீழ ஈரமா இருக்கு' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உறையைத் திறக்காமலே உள்ளே இருப்பதைப் பார்ப்பவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மேஜர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடியது ஒருவரைத்தான். படையில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். எல்லாருக்கும் அவர் 'டிரைவர்'. பல வருடங்களுக்கு முன் காட்டில் விழுந்த ஒரு விமானத்தை ஊரெல்லாம் தேடிக்கொண்டிருக்க, டீ குடித்தபடி வரைபடத்தில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். அங்கேயே கிடந்ததாம். அன்றோடு வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு இந்த அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். இப்போது அவருக்கு இடுப்பு வலி, வயிற்றுப் புண், எப்போதும் தூக்கம் போதாத கண்கள். காலையில் வந்தால் யாரிடமும் பேசாமல் பென்சில்களைச் சீவி வைப்பார்.

அவள் பழைய அமர்வுகளை எல்லாம் அலசினாள். பிறகு சொந்தமாகச் சோதனை வைத்தாள். சரியான படத்தையும் சம்பந்தமே இல்லாத வேறு நாலு படங்களையும் கலந்து, ஒவ்வொரு வர்ணனையோடும் சேர்த்து, இந்தப் பிரிவையே அறியாத வெளியாட்களிடம் கொடுத்து, எது பொருந்துகிறது என்று கேட்டாள். முதலில் வந்த விடையைப் பார்த்து அவளுக்கே திக்கென்றது. குருட்டாம்போக்கில் சொல்வதைவிட டிரைவர் நன்றாகவே சொல்லியிருந்தார். ஒரு வாரம் அந்தக் கணக்கை நம்ப முடியாமல் திருப்பித் திருப்பிப் போட்டாள். அப்புறம்தான் ஒன்று பிடிபட்டது. கேள்வி கேட்பவருக்கு உறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்த அமர்வுகளை ஒரு பக்கமும், தெரியாதவற்றை இன்னொரு பக்கமும் பிரித்தாள். தெரிந்திருந்த பக்கம் அமோகம். அறையில் யாருக்குமே தெரியாத பக்கம், சீட்டுக் குலுக்கிப் போட்டாலும் அதே அளவுதான் வரும்.

இதை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பூட்ஸ் கணக்குக்கே திரும்பியிருக்கலாம். அந்த வாரக் கடைசியில்தான் வீட்டில் அண்ணி ஒரு பேச்சை எடுத்தாள்.

அண்ணனும் படையில்தான் இருந்தான், ஹெலிகாப்டர் மெக்கானிக்காக. மலைப்பகுதிக்குப் பழுது பார்க்க அவன் ஏறிப் போன ஹெலிகாப்டர் திரும்பவில்லை. தேடினார்கள், பனி விழுந்தது, மறுபடி தேடினார்கள், விட்டுவிட்டார்கள். உடைந்த துண்டுகூடக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு இத்தனை வருடமும் அண்ணியும் அவளும் ஒரே வீட்டில், ஒருவருக்கொருவர் துணை என்று சொல்லிக்கொள்ளாமலே இருந்தார்கள். அண்ணி ரத்த வங்கியில் வேலை செய்தாள். அங்கே மனைவியை இழந்த ஒருவர், ரொம்ப நாள் தயங்கி, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவளிடம் கேட்டிருக்கிறார். நல்ல மனிதர், சத்தமாகக்கூடப் பேசாதவர். ஆனால் அண்ணனை இறந்தவனாகக் கோர்ட்டில் அறிவித்தால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும். துணி மடித்துக்கொண்டே அண்ணி இதைச் சொன்னாள். கடைசித் துணியை மடித்து வைத்த பிறகு, "நீ சரின்னு சொன்னாத்தான் பாப்பா. உனக்கு மனசில்லைன்னா விட்டுடலாம்" என்றாள்.

யோசித்துச் சொல்வதாக அவள் சொன்னாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று இரவு முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவள் அண்ணனின் பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்றை உறைக்குள் வைத்து ஒட்டினாள். மேலே மனசில் தோன்றிய எண் ஒன்றை எழுதினாள். அன்று மேஜர் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். கேள்வி கேட்கும் நாற்காலியில் அவளே உட்கார்ந்தாள். தான் செய்வது தன் கணக்கையே கெடுக்கும் வேலை என்பது அவளைவிட நன்றாக யாருக்கும் தெரிந்திருக்க முடியாது.

அவள் எண்ணைச் சொல்ல, டிரைவர் பென்சிலை எடுத்தார். கை ஒரு மேடும் பள்ளமும் போட்டது. குளிராக இருக்கிறது என்றார். சாய்வாக இருக்கிறது, வெள்ளையாக, சத்தமே இல்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு இல்லை, உள்ளே சூடாக இருக்கிறது என்றார். தாழ்ந்த கூரை. யாரோ உட்கார்ந்திருக்கிறார். ஒரு காலை நீட்டி வைத்திருக்கிறார், அதில் ஏதோ சுற்றியிருக்கிறது. இன்னொருவர் குடிக்க என்னவோ கொடுக்கிறார்.

"முகம் தெரியுதா?" என்று கேட்டுவிட்டாள். அப்படிக் கேட்கவே கூடாது.

டிரைவர் பென்சிலைக் கீழே வைத்தார். "மேடம், இது ஆபீஸ் கவர் இல்லையே."

அவள் உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர் வற்புறுத்தவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். யார் என்று மட்டும் கேட்டார். அண்ணன் என்றாள். மெதுவாகக் கதையைச் சொன்னாள்.

"குளிருன்னு சொன்னேன், உங்க தோள் தொங்கிப்போச்சு" என்றார் டிரைவர். "சூடுன்னு சொன்னேன், நீங்க மூச்சே விடலை. நீங்க எந்தப் பக்கம் சாயறீங்களோ, பென்சிலும் அந்தப் பக்கமே போகுது. நான் வேணும்னு செய்யறதில்லை மேடம். கை தானா போகுது."

"எப்பவுமே இப்படித்தானா?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? அந்த விமானத்தை நிஜமாவே பார்த்தேன்னு நினைக்கிறேன். இல்ல, வரைபடத்தை விரிச்சுப் பிடிச்சிருந்தவரு அங்கேயே பார்த்துக்கிட்டு நின்னாரோ என்னவோ. இத்தனை வருஷம் ஆச்சு, எனக்கே பிரிச்சுப் பார்க்கத் தெரியலை."

பலமுறை விடுதலை கேட்டுப் பார்த்ததாகச் சொன்னார். தப்பாகச் சொன்னால் உடம்பு சரியில்லை என்று ஓய்வு கொடுத்தார்களாம். ஒன்றுமே தெரியவில்லை என்றால் தன்னடக்கம் என்றார்களாம். பார்க்கிறார் என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை, பார்க்கவில்லை என்றும் நிரூபிக்க முடியவில்லை. அந்த இடுக்கில் அவர் பாதி ஆயுசு போய்விட்டது. அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் தாமதம் என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

பிறகு அவளிடம் ஒன்று கேட்டார். சில வருடங்களுக்கு முன் ஒரு உறையைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்களாம். நீளமான முற்றம், தண்ணீர்த் தொட்டி, உள்ளே கூட்டமாக ஆட்கள், இரும்பு வாசனை என்று சொன்னாராம். அடுத்த வாரம் செய்தியில் குண்டு விழுந்த ஒரு வீட்டைக் காட்டினார்கள். தண்ணீர்த் தொட்டி மட்டும் நின்றுகொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் யார் என்று ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். மேஜரைக் கேட்டதற்கு, 'உங்க தகவல் பத்தோடு பதினொண்ணு' என்று தட்டிக்கொடுத்தாராம்.

"உங்க கணக்குல அது எந்தப் பக்கம் மேடம்?"

பழைய அமர்வுகளில் அதைப் படித்தது அவளுக்கு நினைவிருந்தது. அன்று கேள்வி கேட்டவர் மேஜரே. உறைக்குள் இருந்த வீடு அவருக்கு முன்னாலேயே தெரியும்.

"தெரிஞ்ச பக்கம்" என்றாள். "அவங்க அந்த வீட்டைப் பத்தி முன்னாடியே ஒரு முடிவுல இருந்திருக்காங்க. அவங்க நினைச்சதைத்தான் நீங்க சொல்லியிருக்கீங்க. நீங்க சொல்லலைன்னாலும் குண்டு போட்டிருப்பாங்கன்னுதான் எனக்குத் தோணுது."

"இது ஆறுதலா இல்லையான்னு தெரியலை" என்றார் டிரைவர். பிறகு, பழக்கதோஷத்தில், பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தார்.

அவள் தன் உறையை அன்றைய கணக்கில் சேர்க்கவில்லை. அறிக்கையை ஒளிவு மறைவில்லாமல் எழுதினாள். மேஜர் நேர்மையான மனிதர்தான். அவள் எதிரே உட்கார்ந்து முழுவதையும் வரி விடாமல் படித்தார். படித்துவிட்டு, கேள்வி கேட்பவருக்கு விடை தெரிந்தால் பொருத்தம் கூடுகிறது என்று அவளே சொல்கிறாளே, அப்படியானால் இனிமேல் விடை தெரிந்தவரையே கேள்வி கேட்க வைத்தால் என்ன என்று யோசனையாகக் கேட்டார். வேடிக்கைக்குக் கேட்கிறாரோ என்று பார்த்தாள். இல்லை. விடைதான் தெரிந்திருக்கிறதே, பிறகு எதற்கு ஒருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வது என்று கேட்க வாயெடுத்தாள். அவர் கண்ணுக்குக் கீழேயும் டிரைவருக்கு இருந்த அதே தூக்கமில்லாத கருவளையங்கள். வாயை மூடிக்கொண்டாள்.

பிரிவை மூடவில்லை. பெயரை மாற்றி வேறொரு அலுவலகத்தோடு சேர்த்தார்கள். அவள் அறிக்கைக்குக் கிடைத்த ஒரே பலன், டிரைவருக்கு மருத்துவக் காரணம் காட்டி ஓய்வு கொடுத்ததுதான். அவர் விடைபெற வந்தார். முதலில் நன்றாகத் தூங்க வேண்டும் என்றார். தூங்குங்கள் என்றாள்.

அண்ணியிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் ஒரே வீட்டில் ஒன்றை விழுங்கிக்கொண்டு நடமாடுவது லேசில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம், அடுப்பை அணைத்துவிட்டு அண்ணி உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சாம்பல் அறை, உறை, தாழ்ந்த கூரை, நீட்டிய கால், குடிக்கக் கொடுத்த கை, ஒன்று விடாமல்.

அண்ணியின் முகத்தில் ஒரு கணம் நம்பிக்கை மாதிரி என்னவோ ஏறியது. அதைப் பார்த்ததும் தான் செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்று அவளுக்கு உறைத்தது. அது மெதுவாக இறங்கும் வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"அவர் சொன்னா எவ்வளவு சரியா இருக்கும்?"

"யாருக்குமே விடை தெரியாதப்போ, சீட்டுக் குலுக்கிப் போடற மாதிரிதான் அண்ணி. அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அவரே ஒத்துக்கிட்டார்."

"இது கேக்கறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் எதுக்குக் கேட்டே?"

அண்ணி கோபித்துக்கொள்வாள், எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தாள். அண்ணி அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நானா இருந்தாலும் கேட்டிருப்பேன்" என்றாள். "தினமும் கேட்டிருப்பேன். அதனாலதான் சொல்றேன், இதோட போதும் பாப்பா. உன் அண்ணன் உயிரோட இருந்தா வரட்டும். வந்து என்னைத் திட்டட்டும். ஆனா இனிமே என்னால வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க முடியாது. எனக்கு அலுத்துப்போச்சு."

"எனக்கும்தான் அண்ணி" என்றாள் அவள். அப்படிச் சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது. அழ வேண்டும் போல இருந்தது, அதற்குக்கூடத் தெம்பில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சரி, கோர்ட்டுக்குப் போகலாம் என்றாள்.

போனார்கள். ஒரு முறையில் முடியவில்லை. வக்கீல் வரவில்லை, அப்புறம் நீதிபதி வரவில்லை, அப்புறம் ராணுவத்திலிருந்து வர வேண்டிய பதில் வரவில்லை. ரத்த வங்கிக்காரர் ஒவ்வொரு தடவையும் கூட வருகிறேன் என்பார். அண்ணி வேண்டாம் என்பாள். இது எங்கள் இரண்டு பேர் விஷயம் என்று அவரிடம் சொன்னதாகப் பாப்பாவிடம் சொன்னாள்.

வழக்கு முடிந்த நாளில் வராந்தாவில் வெயில் காந்தியது. மின்விசிறி இருந்தது, சுற்றவில்லை. பெஞ்சில் காத்திருந்து காத்திருந்து, அண்ணியின் தலை அவள் தோளில் சாய்ந்தது. அவளும் அண்ணியின் தலைமேல் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடினாள். உள்ளேயிருந்து அண்ணனின் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். கடைசியில் பெயர் கூப்பிடும் கோர்ட் டவாலி பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, உங்க கேஸ்தான்" என்று தொட்டு எழுப்ப வேண்டியதாயிற்று.