ஆளுக்கு இரண்டு கேன்

ரிஃப்கியின் மளிகைக்கடை வாசல் வழியாகப் போவதையே அந்தத் தெருவில் இருக்கும் பெண்கள் நிறுத்திவிட்டார்கள். முனையில் மலிவு விலை சூப்பர்மார்க்கெட் திறந்ததிலிருந்து இப்படித்தான். அங்கே வாங்கிய பையோடு ரிஃப்கியின் கண்ணில் பட அவர்களுக்குக் கூச்சம். மசூதிக்குப் பின்னால் இருக்கும் சந்தில் புகுந்து சுற்றிக்கொண்டு போனார்கள். மழை பெய்தால் அந்தச் சந்து முழுக்கச் சேறு. சேற்றை மிதித்தாலும் மிதிப்பார்களே தவிர, கடைப் பக்கம் வரமாட்டார்கள்.

கடைக்கு மேலேயே வீடு. ரிஃப்கியின் மனைவி மெலாஹத் பால்கனியில் துணி காயப்போடும்போதெல்லாம் இதைப் பார்ப்பாள். புருஷனிடம் சொல்லமாட்டாள். அவருக்கும் தெரியும், அவரும் சொல்லமாட்டார். சூப்பர்மார்க்கெட்டின் பெயரை அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. "அந்த இடம்" என்பார், அவ்வளவுதான்.

வசந்த காலத்தில் ஒரு நாள், அக்ஹிசார் ஊரின் மறுகோடியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போனாள் மெலாஹத். திரும்பும் வழியில் அதே சூப்பர்மார்க்கெட்டின் இன்னொரு கிளை கண்ணில் பட்டது. அந்தப் பக்கம் அவளைத் தெரிந்தவர் யாருமில்லை. சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்று உள்ளே போனாள்.

பருப்பு, மக்ரோனி, வெண்ணெய் எல்லாவற்றையும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே பார்த்து வந்தவள், சூரியகாந்தி எண்ணெய் அடுக்கியிருந்த இடத்தில் நின்றுவிட்டாள். தங்கள் கடையில் விற்கிற அதே கம்பெனி, அதே ஐந்து லிட்டர் கேன். விலையைப் படித்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். மொத்த வியாபாரி ரிஃப்கிக்குப் போடுகிற விலையைவிட அது குறைவாக இருந்தது.

அதுவரை அவளுக்குத் தெருப் பெண்கள்மேல், அதிலும் எதிர்வீட்டு ஷாதியேமேல், மனதில் ஒரு கசப்பு உண்டு. இத்தனை வருடப் பழக்கத்தைச் சில்லறைக்காக விட்டுப்போனார்களே என்று. இது சில்லறை இல்லை என்று இப்போது புரிந்தது. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரே சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற ஷாதியே வேறென்ன செய்வாள்?

'ஆளுக்கு இரண்டு மட்டும்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். மெலாஹத் இரண்டு கேன் எடுத்தாள். தங்கை வீட்டுக்குத் திரும்பிப் போய் அவளுடைய சக்கரப் பையைக் கேட்டு வாங்கி, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி வீட்டுக்கு இழுத்து வந்தாள். ரிஃப்கி மதியத் தொழுகைக்குப் போன நேரத்தில் கீழே இறங்கி, இரண்டையும் கடை அலமாரியில் மற்ற கேன்களோடு சேர்த்து வைத்துவிட்டாள். தன் கைப்பணம் போனால் போகட்டும், கடைக்கு ஒரு தாங்கலாக இருக்கட்டும் என்று நினைத்தாள். அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரம் எண்ணெயோடு சர்க்கரையும் வந்தது.

புருஷனுக்குத் தெரியாமல் நல்ல காரியம் செய்கிறோம் என்று அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆனால் ரிஃப்கி நாளுக்கு நாள் வாடிக்கொண்டு வந்தார். சாப்பாட்டில் கவனமில்லை. தேநீர் ஆறிப்போகும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் காலையில் அவள் கீழே வந்தபோது, எண்ணெய் அலமாரி முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"என்ன ஆச்சு உங்களுக்கு?"

"மூணாம் மாடி நதீதே அம்மாவுக்கு ஒரு கேன் கொடுத்தேன். அந்த டீக்கடைப் பையன் ஒண்ணு வாங்கிட்டுப் போனான். இங்க பாரு, குறையவே இல்லை. போன வாரமும் இப்படித்தான். சர்க்கரை தீர்ந்துபோச்சுன்னு நினைச்சேன், திரும்பிப் பார்த்தா இருக்கு." அவர் குரல் இறங்கியது. "மெலாஹத், எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல கணக்கு மறந்தாரு. அப்புறம் என்னையே மறந்தாரு."

மெலாஹத் அங்கேயே காலிப் பெட்டிமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

ரிஃப்கி குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "என் பொண்டாட்டி அந்த இடத்துல வரிசையில நின்னாளா?" என்றார்.

"நின்னேன்."

"துண்டு போட்டு மூடிக் கொண்டுவந்தியா?"

"ஆமா."

"அப்போ எனக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லை. உங்க புத்தி கல்லு மாதிரி உறுதியா இருக்கு. கோளாறெல்லாம் என்கிட்டதான்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு விலையைக் கேட்டார். சொன்னாள். நம்பாமல் பில்லைக் கேட்டார். அதைக் கொடுத்ததும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வர்ற விலையே இதைவிட அதிகம்," என்றார். "நான் எப்படிம்மா இவங்களோட மல்லுக்கட்ட முடியும்?"

"மல்லுக்கட்ட வேண்டாம். போய் வாங்குங்க."

வெள்ளிக்கிழமை அந்த இடத்தில் சலுகை நாள். கதவு திறக்கும் முன்பே வரிசை நின்றுவிடும். அன்று காலை ரிஃப்கி ஷட்டரைத் திறக்காமல், இஸ்திரி போட்ட சட்டையோடு முனையை நோக்கி நடந்தார். சக்கரப் பையை இழுத்துக்கொண்டு மெலாஹத் பின்னால் போனாள்.

அவரைப் பார்த்ததும் ஷாதியே கையிலிருந்த பையை மடக்கிக் கோட்டுக்குள் திணித்தாள். ரிஃப்கி எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுக் கடைசியில் போய் நின்றார்.

"அண்ணே, நீங்க இங்க?" என்றாள் ஷாதியே.

"எண்ணெய் வாங்க வந்தேன் தங்கச்சி. கடைக்கு."

முன்னால் நின்ற ஹூல்யா திரும்பினாள். அவள் எதையும் மென்று விழுங்கிப் பேசத் தெரியாதவள். "நல்லா இருக்கே அண்ணே. இங்க வாங்கி, மேல ரெண்டு காசு வெச்சு எங்களுக்கே விப்பீங்களா?"

மெலாஹத்துக்குச் சுருக்கென்றது. ஆனால் ஹூல்யா கேட்டதில் தப்பில்லை என்றும் தோன்றியது.

"உனக்கு எதுக்கு விக்கப் போறேன்?" என்றார் ரிஃப்கி. "உனக்குக் காலு இருக்கு, நீயே வந்து வாங்குறே. நதீதே அம்மாவால மூணாம் மாடியிலிருந்து இறங்க முடியாது. அவங்க கயித்துல கூடையை இறக்குறாங்க, நான் சாமானைப் போட்டு அனுப்புறேன். ரெண்டு வருஷமா இந்தத் தெருவிலேயே அதிக விலை கொடுத்துச் சாப்பிடுறது அவங்கதான். எனக்கு வர்ற விலை அப்படி. நான் என்ன செய்ய? இங்க வாங்கினா அவங்களுக்குக் குறைச்சுக் கொடுக்கலாம். ஆமா, ரெண்டு காசு வெச்சுத்தான் கொடுப்பேன். நானும் சாப்பிடணுமில்ல."

அதற்குள் கதவு திறந்தது.

பில் போடும் பெண், அவர் எடுத்துவந்த இரண்டு கேனுக்கும் விலையைத் தட்டிவிட்டு, "இவ்வளவுதான் மாமா, ஆளுக்கு ரெண்டு," என்றாள். மெலாஹத் தன் பங்குக்கு இரண்டு எடுத்தாள். அதோடு போதும் என்று வெளியே வந்து, கேன்களைச் சக்கரப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஷாதியே வந்து இரண்டு கேனைக் கீழே வைத்தாள். "எனக்கு இந்த மாசத்துக்கு எண்ணெய் இருக்கு அக்கா. இது நதீதே அம்மாவுக்கு," என்றாள். ரிஃப்கி அங்கேயே பணத்தை எடுத்துக் கொடுத்தார். இன்னும் இரண்டு பேர் அப்படியே செய்தார்கள். ஹூல்யா செய்யவில்லை. தன் சாமானைத் தூக்கிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போனாள். ஆனால் சந்து வழியாகப் போகவில்லை.

அதன்பின் யாருமே சந்து வழியாகப் போகவில்லை. பையை மறைப்பதும் நின்றது. கடை வாசலைத் தாண்டும்போது சிலர் நின்று ரொட்டியோ, ரிஃப்கி தானே உப்பில் ஊறவைத்த ஆலிவோ வாங்கினார்கள். அந்த ஆலிவ் அந்த இடத்தில் கிடைக்காது. கடை பழையபடி ஓடியது என்று சொல்ல முடியாது. மூடவும் வேண்டியிருக்கவில்லை. மாதக் கடைசியில் மெலாஹத் முன்போலக் கவலைப்படுவாள்; ஆனால் அதை இப்போது புருஷனிடம் வாய்விட்டுச் சொல்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் கிளம்பும்போது, ரிஃப்கி கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமலே, "அந்தச் சாக்லேட் பிஸ்கட் ஒரு பாக்கெட் எடுத்துட்டு வா," என்றார். "சின்னப் பசங்க அதைத் தின்னுட்டே வாசல்ல போறானுங்க. எப்படித்தான் இருக்குன்னு பார்ப்போம்."

வாங்கி வந்தாள். கல்லாவுக்குப் பின்னால் குனிந்து ஒன்றைக் கடித்து, கண்ணை மூடி மென்றார்.

"எப்படி இருக்கு?"

"சர்க்கரை கொஞ்சம் தூக்கல்," என்று சொல்லிவிட்டு இன்னொன்றை எடுத்தார்.