தொட்டிக்குள் ஒரு விரதக்காரன்

தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய அன்று காலை, விஜேந்திரனின் ஆண் மீன் மூன்றாவது தடவையாக வாயை மூடிக்கொண்டது. தாடை உப்பியிருந்தது. நுளம்புப் புழுவைப் போட்டுப் பார்த்தான். மூக்குக்கு முன்னால் நெளிந்த புழுவை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விஜேந்திரன் கத்தவில்லை. கத்தினால் மீன் வாயிலிருக்கும் முட்டைகளை முழுங்கிவிடும். கக்கத்தில் கையைக் கொடுத்துக்கொண்டு வீடு என்று இருந்த லயத்துக் காம்பராவுக்குள் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

போர்னியோவில் காட்டு ஓடையில் கிடக்கிற மீன் அது. பதுளையில் மீன் கடை வைத்திருக்கும் ஸப்வான் கொழும்பிலிருந்து எடுத்துக் கொடுத்த சோடி. கடைகளில் போத்தலுக்குள் பாவாடை விரித்து நிற்கிற பைட்டர் மீனுக்கு இதுவும் சொந்தம்தான். ஆனால் பாவாடை கிடையாது. விரல் நீளம். செங்கல் நிறம். செட்டை ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கரை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

"இத நம்ம பீலித் தண்ணியிலயே புடிச்சிருக்கலாமே."

விற்கும்போதே ஸப்வான் சொல்லித்தான் விற்றிருந்தார்.

"தம்பி, மத்த பைட்டர் நுரையில கூடு கட்டும். இவன் அப்பிடி இல்ல. பொம்பள முட்டையப் போட்டுட்டு அவ பாட்டுக்குப் போயிருவா. ஆம்பளதான் வாயில அள்ளி வெச்சிக்கிட்டு, குஞ்சு நீந்துற வரைக்கும் தின்னாம நிப்பான். பயந்தான்னா ஒரே முழுங்கு. எனக்கே சரிவரல்ல. ஒங்களுக்கெங்க?"

அந்தக் கடைசிச் சொல்தான் விஜேந்திரனைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அவனுக்கு வேறு ஆசை இல்லை. ஒரே ஒரு தடவை, அந்த வாயிலிருந்து குஞ்சு வெளியே வருவதைப் பார்க்க வேண்டும்.

அவன் தெமோதரை ஸ்டேஷனடியில் ஆட்டோ ஓட்டுகிறவன். வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. "கல்யாணம் கட்டுடான்னா மீனுக்குக் கட்டி வெக்கிறான்" என்று அம்மா தனலெட்சுமி, மலைக்குக் கீழ்ப்பக்கத்து வரிசை வீடுகளான பணிய லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். மீனுக்குப் பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி நிறத்தில் தண்ணீர் வேண்டும் என்று அவன் நாட்டு வாதுமையான கொட்டம்பாவின் காய்ந்த இலைகளைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றி வருவான். காலமெல்லாம் கொழுந்து பறித்தவளுக்கு அதுவே அவமானமாக இருந்தது. சுற்றிலும் மலை மலையாகத் தேயிலை நிற்க, சாயத்துக்கு வெளியூர் இலை. வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் நிறைத்த ஒரு போச்சிப் பாத்திரத்தில் நுளம்புப் புழு வேறு வளர்த்தான். டெங்கு பார்க்கிற ஐயா வந்தால் இவனைத்தான் முதலில் பிடித்துக்கொண்டு போவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள்.

மீன் முட்டையை வாயில் வைத்த முதல் தடவை, அடுத்த காம்பரா விஜயலெட்சுமியின் குக்கர் விசில் அடித்தது. இரண்டாம் தடவை அம்மா தகர வாளியைச் சீமெந்துத் தரையில் வைத்தாள். வைத்தாள் என்பது அவள் சொன்னது. இரண்டு தடவையும் மீன் ஒருமுறை மென்றது. பிறகு ஒன்றும் நடக்காதது போல் சாப்பாடு கேட்டுக் கண்ணாடியோரம் வந்து நின்றது. பிள்ளைகளைத் தின்றுவிட்டுச் சாப்பாடு கேட்கிற அந்த மூஞ்சியை விஜேந்திரனால் மறக்க முடியவில்லை.

இந்தத் தடவை முன்கூட்டியே விஜயலெட்சுமியிடம் போனான்.

"மதினி, கொஞ்ச நாளைக்குக் குக்கர் வெக்காதீங்க."

"ஏன்டா?"

சொன்னான். விஜயலெட்சுமி மாவு பிசைந்த கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆம்பளயா வாயில சொமக்குது?"

"ஆமா."

"அது வரைக்கும் வாயத் தொறக்காது?"

"தொறக்காது."

அவள் உள்ளே திரும்பினாள். அங்கே அவள் புருஷன் ரேடியோவைவிடச் சத்தமாகக் கிரிக்கெட் விளக்கிக்கொண்டிருந்தான்.

"அந்தக் கடையில எங்க ஆள எடுத்துக்கிட்டு அது மாதிரி ஒண்ணு தருவாங்களான்னு கேட்டுச் சொல்லு."

குக்கர் பிரச்சினை தீர்ந்தது. அம்மன் பிரச்சினை அப்போதுதான் விஜேந்திரனுக்கு உறைத்தது. காப்புக் கட்டியாகிவிட்டது. திருவிழாவன்று ஊர்வலம் பணிய லயத்துக்கு வரும். ஒவ்வொரு வாசலிலும் நிற்கும், தட்டு வாங்கும். நிற்கிற நேரமெல்லாம் தப்பு மேளம் அடிப்பார்கள். அந்த அடியில் அடுப்படிச் சட்டி தானாக ஆடும். மீன் அப்போதும் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கும். தொட்டியைத் தூக்கி வேறு இடத்தில் வைக்கலாம் என்றால், தூக்கினாலே முழுங்கிவிடும்.

கோயில் தலைவர் முருகையா தேருக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பொருளாளர் அமிர்தலிங்கம் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தலைவரே, எங்க வாசல்ல மட்டும் தப்பு அடிக்காமப் போக ஏலுமா?"

முருகையா தூரிகையைக் கீழே வைத்தார்.

"ஏன், வீட்டுல அம்மை போட்டிருக்கா?"

"இல்லைங்க."

"தீட்டா?"

விஜேந்திரன் யோசித்தான். பிள்ளை பெற்ற வீட்டு வாசலில் ஊர்வலம் நிற்காது. தப்பை இடுப்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு பேசாமல் தாண்டிவிடுவார்கள். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

"அப்பிடியும் சொல்லலாம்."

"ஆரு பெத்தது? ஒங்க வீட்டுல நீயும் ஒங்கம்மாவுந்தானே?"

"மீனு."

அமிர்தலிங்கத்தின் டின் சாய்ந்து கொஞ்சம் வர்ணம் அவர் காலில் கொட்டியது. அவர் கவனிக்கவில்லை. எதையும் சரியாகத் தெரிந்துகொள்ள விரும்புகிற மனிதர்.

"பெத்துருச்சா, இனித்தான் பெறுமா?"

"பொம்பள முட்ட போட்டுருச்சி. ஆம்பள வாயில வெச்சிருக்கு."

"அப்ப தீட்டு எதுல இருந்து? பொம்பள போட்டதுல இருந்தா, ஆம்பள துப்புறதுல இருந்தா?"

"அமிர்தம், நீ சும்மா இரு" என்றார் முருகையா. பிறகு அவருக்கும் அந்தக் கேள்வி பிடித்துப்போயிருக்க வேண்டும். தேரின் சக்கரத்தில் உட்கார்ந்துகொண்டார். "தீட்டுங்கிறது பங்காளிகளுக்குத்தான்பா. நீ அந்த மீனுக்கு என்ன முறை?"

விஜேந்திரனுக்குத் தகப்பன் முறை என்று வாய்வரை வந்துவிட்டது. முழுங்கிக்கொண்டான்.

"வளக்கிறேன்."

"வளக்கிறதுக்கெல்லாம் தீட்டுன்னா, மாட்டுப்பட்டி வெச்சிருக்கவன் கோயில் பக்கமே வர ஏலாது. சரி, பங்காளின்னே வெச்சிக்குவோம். அப்ப ஒங்கம்மாவுக்கும் தீட்டு. இந்த வருசம் மொதப் பால்குடம் அவங்களோடது. எடுக்க ஏலாதுன்னு நீயே போய்ச் சொல்லிட்டு வா. நான் இங்கனயே நிக்கிறேன்."

விஜேந்திரன் போய்ச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு கம்பளியை எடுத்துத் தொட்டியின் மூன்று பக்கமும் சுற்றினான். அது அம்மாவின் கம்பளி. மழையிலும் பனியிலும் போட்டுக்கொண்டு மலைக்குப் போனது. அவள் வேலையை விட்டு நின்ற பிறகும் மடித்துப் பெட்டியில் வைத்திருந்தாள்.

தனலெட்சுமி கோயிலிலிருந்து வந்து அதைப் பார்த்தாள். கையில் மஞ்சள் காப்பு, நெற்றி நிறையத் திருநீறு. விரதம் தொடங்கியதிலிருந்து அவளுக்கு ஒருவேளைச் சோறுதான். அதனால் கோபமும் கூடியிருந்தது.

"அதுக்குக் குளிருதாமா?"

"தப்புச் சத்தம் கேக்கக் கூடாதும்மா."

"கேட்டா என்ன? அம்மன் சத்தந்தானே?"

"முழுங்கிரும். வாய்க்குள்ள குஞ்சு இருக்கு. அது வெளிய வர்ற வரைக்கும் ஒண்ணும் தின்னாம நிக்குது."

தனலெட்சுமி கம்பளியை உருவக் கையை நீட்டியவள் அப்படியே நிறுத்தினாள்.

"ஒண்ணுமே தின்னாம?"

"ஒண்ணுமே."

"எப்ப இருந்து?"

"காப்புக் கட்டுன அன்னைக்கிருந்து."

அவள் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். இவ்வளவு காலத்தில் முதல் தடவை. ஆண் மீன் ஒரு கொட்டம்பா இலைக்கு அடியில் வற்றிய வயிறோடு நின்றுகொண்டிருந்தது.

"நான் ஒருவேளையாச்சும் திங்கிறேன்" என்றாள். "பொம்பளக்கி?"

"அவ திங்கிறா."

"திம்பா, திம்பா."

அதன் பிறகு வீட்டில் வாளி சத்தம் போடவில்லை. தனலெட்சுமி அதை இரண்டு கையாலும் தூக்கி, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல் கிடத்தினாள். வாசலில் பந்து தட்டிய பிள்ளைகளைப் பார்த்து, "உள்ள விரதக்காரன் இருக்கான், அங்கிட்டுப் போங்கடா" என்றாள். சாமிக்குக் காட்டிய சூடத்தைத் தொட்டிக்கும் காட்டினாள். விஜேந்திரன் ஒரு நாள் ஆட்டோ ஓட்டிவிட்டு வந்து பார்த்தபோது, தொட்டி வைத்த மேசைக் காலில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது.

"எதுக்கும்மா?"

"காப்பு இல்லாம என்ன விரதம்?"

திருவிழாவும் வந்தது. காலையில் தனலெட்சுமி முதல் பால்குடம் எடுத்தாள். பொழுது சாய்வதற்குள் ஊர்வலம் பணிய லயத்துப் படியில் இறங்கியது. முன்னால் சாமியாடி சின்னக்கருப்பன், இரண்டு கையிலும் வேப்பிலை, கண் சொருகியிருந்தது. பின்னால் தப்புக்காரர்கள். அதற்குப் பின்னால் அம்மன். விஜேந்திரன் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முட்டி போட்டிருந்தான். கன்னத்தை ஒட்டிய கண்ணாடி அதிரத் தொடங்கியது. ஆண் மீன் இலைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. இந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கம் போனது. தாடை ஒருமுறை அசைந்தது.

"அம்மா" என்றான் விஜேந்திரன், மூச்சாக.

தனலெட்சுமி தட்டோடு வாசலில் நின்றாள். ஊர்வலம் நெருங்கியதும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள். தலைவரிடம் பேசவில்லை. நேராகச் சாமியிடமே பேசினாள்.

"ஆத்தா! உள்ள ஒருத்தன் ஒனக்குக் காப்புக் கட்டியிருக்கான். பச்சத்தண்ணி குடிக்காமக் கெடக்கான். புள்ளய வாயில வெச்சிக்கிட்டுக் கெடக்கான். சத்தத்தக் கொஞ்சம் அமத்தி வந்திட்டுப் போ தாயே!"

"தண்ணிக்குள்ளதானேக்கா இருக்கு" என்றார் முருகையா அவள் காதோரம்.

அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சின்னக்கருப்பன் ஒரு ஆட்டம் ஆடி, கதவு வரை வந்து, இருட்டுக்குள் எட்டிப் பார்த்தான். வேப்பிலையை உயர்த்தி ஒரே வீச்சாகக் கீழே இறக்கினான்.

"நிறுத்து!"

சாமி சொன்னதற்கு மறுபேச்சு உண்டா? தப்பு நின்றது. மணி நின்றது. குலவை போட வாயைக் குவித்த பெண்கள் குவித்த வாயோடு நின்றார்கள்.

தப்பு நின்றதும் சாமியும் நின்றது. சின்னக்கருப்பன் தோளைத் தளர்த்தி, கண்ணைக் கசக்கி, சுற்றிலும் பார்த்தான்.

"என்ன தலைவரே, ஏன் நிப்பாட்டிட்டீங்க?"

"நீதானேய்யா நிறுத்தச் சொன்ன!"

"நானா?"

"பேசாம நட" என்றார் முருகையா.

ஊர்வலம் நடந்தது. செருப்பில்லாத கால்கள் மண்ணில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. விஜயலெட்சுமி தன் புருஷனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு போனாள். சின்னக்கருப்பன் வேப்பிலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவன் போல் நடந்தான். லயத்தின் கோடிக்குப் போய்த்தான் தப்பு மறுபடி தொடங்கியது. அதற்குப் பிறகும் சாமி வர நேரமெடுத்தது. அது வரும்வரை அமிர்தலிங்கம் எல்லோருக்கும் மோர் கொடுத்தார்.

விஜேந்திரன் கண்ணாடியிலிருந்து கன்னத்தை எடுத்தான். ஆண் மீன் இலைக்கு அடியில் இருந்தது. தாடை உப்பியே இருந்தது. அவன் தரையில் அப்படியே மல்லாந்து படுத்துக்கொண்டான்.

கோயிலில் மாவிளக்குப் பூசை முடிந்து தனலெட்சுமி திரும்பி வந்தாள். கையிலிருந்த காப்பை அவிழ்த்துச் சாமி படத்தில் போட்டாள். மாவிளக்கு மாவில் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு குனிந்து மேசைக் காலின் கயிற்றை அவிழ்த்தாள்.

"முடிஞ்சிருச்சி. ரெண்டு பேருக்கும்."

இன்னொரு சிட்டிகையைத் தொட்டிக்குள் போட்டாள்.

"அம்மா!"

அந்தக் காம்பராவில் அவ்வளவு பெரிய சத்தம் அதுவரை கேட்டதில்லை. குக்கர், வாளி, தப்பு எல்லாம் சேர்ந்தாலும் அதற்கு ஈடாகாது. வாயை விட்ட பிறகுதான் கத்தியது யார் என்று விஜேந்திரனுக்குத் தெரிந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அந்த மூஞ்சியை இன்னொரு தடவை பார்க்க அவனால் முடியாது.

"அடேய்" என்றாள் அம்மா. "கண்ணத் தொற."

"முழுங்கிருச்சா?"

"தொறடா."

மாவுத் துண்டு மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஆண் மீன் அதன் கீழே வாயைப் பிளந்தபடி நின்றது. வாயிலிருந்து ஒன்று வந்தது. கண்ணும் வாலும் மட்டுமாக, சாயத்துக்குள் ஒரு கறுப்புப் புள்ளி. அதற்குப் பின்னால் இன்னொன்று. பிறகு இரண்டு மூன்று சேர்ந்து, ஸ்டேஷனில் பெட்டியிலிருந்து இறங்குகிறவர்களைப் போல முட்டி மோதிக்கொண்டு வந்தன. விஜேந்திரன் எண்ணத் தொடங்கினான். கண் கலங்கி எண்ணிக்கை தப்பிப்போயிற்று.

"நான் போட்டதுக்குத்தான் வாயத் தொறந்தான்" என்றாள் தனலெட்சுமி.

"அதுக்கு நேரம் வந்துருச்சும்மா. அதான் தொறந்துச்சி."

"அப்ப நீ ஏன் கத்துன?"

மீன் மாவைக் கவ்வியது. மென்றது. துப்பியது.

"இனிப்பு ஆகாது போல" என்றாள். "பாவம், காஞ்ச வயிறு. நான் சோறு திங்கப் போறேன். நீ அவனுக்கு அந்தப் புழுவப் போடு."

விஜேந்திரன் ஓடிப்போய்ப் புழுக்களைப் போச்சியோடு கொண்டுவந்து ஊற்றினான். மீன் பாய்ந்து தின்றது. புழுக்கள் நெளிந்தன. அவற்றுக்கு நடுவே, ஏறக்குறைய அதே அளவில், குஞ்சுகளும் நெளிந்தன. அப்போதுதான் அவனுக்கு அது உறைத்தது. பட்டினி கிடந்த தகப்பனுக்கு இரண்டும் பிரித்துத் தெரியுமா?

முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அது வாயைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்தபடி, அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.