தாய் இட்ட சாலையில் முப்பத்தேழு காசு

முப்பத்தேழு காசு. கற்றறிந்த பெரியீர், நாற்பத்தாறு ஆண்டுகளாக ஒருத்தியின் முந்தானை முடிச்சில் உறங்காமல் விழித்திருந்த கடனின் முழுத்தொகை இவ்வளவே. இன்றைய விலைக்கு அது ஒரு சிட்டிகை உப்புக்கும் காணாது. ஆயினும் தலையில் சுமப்பதை இறக்கி வைக்கத் தரை உண்டு. நெஞ்சில் சுமப்பதை இறக்கி வைக்க, அதைப் பெற வேண்டியவர் வாயிலைத் தவிர வேறு இடமில்லை.

கீழ்வானில் ஞாயிறு, எரிந்தடங்கிய சூளையின் வாய்க்குள் எஞ்சிய கடைசிக் கங்கு போலத் தயங்கி நிற்க, புகைபோக்கிகள் நெடுமூச்சு விட்டு ஓய, இரவெல்லாம் பனியில் நனைந்த பச்சைச் செங்கற்கள் வெயிலுக்குக் காத்து வரிசை வரிசையாய்க் கிடக்க, அவற்றுக்கப்பால், அலசி உலர்த்தியவள் எடுக்க மறந்துபோன கருஞ்சீலை போல் நீண்டு கிடந்தது ஒரு தார்ச்சாலை. அதன் ஓரத்தில், மும்முறை கழுவியும் செம்புழுதி நீங்காத சிற்றுந்து ஒன்றின் முன்னிருக்கையில் சாக்குகளை மடித்து மெத்தை செய்துகொண்டிருந்தான் சூளைக்காரன். செங்கல் சுமந்து சுமந்து ஒரு தோள் தாழ்ந்தவன். நாற்பது அகவையில் தன் மகளின் பள்ளிப் புத்தகத்துக்கு அருகே அமர்ந்து எழுத்துக் கற்றவன். கற்றவுடன் அவன் வீட்டில் முதன்முதல் எழுத்துக்கூட்டிப் படித்தது தாயின் அடையாள அட்டையை. அதில் பிறந்தநாள் என்று ஒன்று இருக்கக் கண்டு, புதையல் எடுத்தவனைப் போல் கூத்தாடினான். இன்று அவ்வட்டையின்படி அவளுக்கு எழுபது நிறைகிறது.

"ஏன்டா, பல்லு போன கிழவிக்குப் பொறந்தநாள் ஒண்ணுதான் கேடா? அந்த அட்டை எழுதுறவன் தூக்கக் கலக்கத்துல எதையோ போட்டான். அவன் கொட்டாவிக்கு நீ வண்டி எடுக்குறே" என்றாள் தாய், வண்டிப் படி ஏறிக்கொண்டே.

"அவன் எப்படிப் போட்டா என்னம்மா, சூளை முதலாளி ஒருநாள் வண்டி குடுத்துட்டாருல்ல."

ஒரு திங்களுக்கு முன் அவள் விருப்பத்தை அவன் கேட்டிருந்தான். துணியோ தோடோ கேட்பாள் என்று எண்ணியவனுக்கு வந்த மறுமொழி வேறு. "அந்த ரோட்டை நான் நடந்தேதான் போட்டேன். ஒருக்காவாச்சும் அதுல உக்காந்து போகணும். போயி, சோத்துக்கடைக்காரிக்குக் குடுக்க வேண்டியதைக் குடுக்கணும்."

ஆம், பெரியீர், அச்சாலை அவள் தலைச்சுமையால் ஆனது. கல் கொட்டி, தார் ஊற்றி, உருளை உருட்டிய கூட்டத்தில் இருபத்துநான்கு அகவைப் பெண்ணாய், கணவனை இழந்து, கைக்குழந்தையைச் சாலையோர மரத்தில் தூளி கட்டிவிட்டு அவள் உழைத்தாள். கூலி கேட்டபோதெல்லாம் நாளை என்றதால் நாளைக்காரன் என்றே பெயர் பெற்ற குத்தகைக்காரன், ஒரு நாள் நாளையும் சொல்லாமல் ஓடிப்போனான். பதினொரு நாள் அக்கூட்டம் பட்டினி கிடக்காமல் காத்தவள் வளைவில் சோற்றுக்கடை வைத்திருந்தவள். பன்னிரண்டாம் நாள் கடை திறக்குமுன்னே வேறொரு குத்தகையின் வண்டி வந்து அவர்களை அள்ளிப் போயிற்று. அவள் பங்கில் நின்றுபோன கடன், சோற்றுக்கு இருபத்தெட்டு, குழந்தையின் பாலுக்கு ஒன்பது. அந்த ஒன்பது காசுப் பாலைக் குடித்தவன்தான் இன்று வண்டி ஓட்டுகிறான்.

வழிநெடுக மைல்கல்தோறும் எழுதியிருந்த தொலைவை அவன் உரக்கப் படித்தான். அவளோ வாய்ச்சுவையால் வழி சொன்னாள். "பாலம் வரும், மீன் வாங்கு" என்றாள், பாலம் வந்தது. ஆற்றங்கரைக் கொட்டகையில் கல்லில் மொறுமொறுவென வறுபட்ட கெண்டையை முள்ளெடுத்து அவன் நீட்ட, கண்ணை மூடி மென்றாள். "இந்த ஆத்து மீனுக்கு உப்பே வேணாம். மேட்டு மீனெல்லாம் இதுக்குக் கால் தூசி." மேட்டில் ஏறியதும் சோளக்கதிர் சுட்டு விற்பவளிடம் இளங்கதிராய்ப் பொறுக்கி, பல்லில்லா வாய்க்கு அவன் மணிமணியாய் உதிர்த்துக் கொடுக்க, பறவைக் குஞ்சு போல் வாங்கி உண்டாள். பள்ளத்து ஊரில் சூட்டோடு வெல்லப்பாகு. அடுத்த ஊரில் புளித்த மோர். பத்துக் கல்லுக்கு ஒரு மண், மண்ணுக்கு ஒரு நீர், நீருக்கு ஒரு சுவை. அத்தனையும் அவள் நாவில் ஒரு வரைபடமாய் இருந்தது. இடையிடையே கண்ணாடியை இறக்கி, "இந்த எடத்துல குழி விழலை பாரு, இது நான் போட்டது" என்பாள். குழி வந்தால், "அது மத்தவளுங்க போட்டது."

மகன் சிரித்தான், ஆயினும் அவன் பார்வை அவள் முந்தானை முடிச்சுக்கே போய்வந்தது. அவள் முடிச்சில் இருந்தவை அக்காலத்துக் காசுகள். பிறகு ஈட்டியபோது எண்ணி எடுத்து வைத்து, வறுமையிலும் தொடாதவை. அவை செல்லாமல் போய் ஆண்டுகள் பதினேழாயின. கடைத்தெருவில் அதை அன்றே கேட்டறிந்திருந்தும், தாயிடம் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. கடைக்காரி அவற்றைக் கையிலேந்திச் சிரித்துவிட்டால் அம்முகம் எப்படி வாடும்?

ஆகவே, வளைவில் அக்கடை இன்றும் புகைந்துகொண்டிருக்கக் கண்டதும், "இடம் இருக்கான்னு பாத்துட்டு வரேன்" என்று அவன் முன்னே ஓடினான். பழைய கடைக்காரி மறைந்து, அவள் மகள், ஐம்பது கடந்தவள், அடுப்படியில் நின்றாள். மூச்சு வாங்க அனைத்தையும் சொன்னான். "அந்தக் கடன் அப்பவே தீந்துடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கக்கா. கோடிப் புண்ணியம்." அவள் அகப்பையைத் தட்டினாள்.

தாய் வந்து அமர்ந்தாள். ஆவி பறக்கும் சோறும் கீரையும் பருப்பும் முன்னே வந்தன. அவள் தொடவில்லை. முடிச்சை அவிழ்த்து முன்கதையைச் சொன்னாள்.

"அது அப்பவே தீந்துடுச்சும்மா. உங்க குத்தகைக்காரர் வந்து குடுத்துட்டுப் போனாராம்" என்றாள் கடைக்காரி.

தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு, நாளைக்காரனா? அவன் எச்சிக் கையால காக்கா ஓட்ட மாட்டான். அவன் வந்து எங்க சோத்துக்குக் காசு குடுத்தானா?" பிறகு மகன் பக்கம் மெல்லத் திரும்பினாள். "நீ சொல்லிக் குடுத்தியா?"

அவன் தலை தாழ்ந்தது. "அம்மா, அந்தக் காசு இப்போ செல்லாதும்மா."

தாய் தன் உள்ளங்கையிலிருந்த காசுகளையே பார்த்திருந்தாள். தட்டை மெல்ல அப்பால் தள்ளினாள். "அப்போ இந்தச் சோத்தை எடுத்துக்க, தாயி. பழைய பாக்கிய வச்சிக்கிட்டுப் புதுச் சோறு தின்ன எனக்கு எறங்காது."

கடைக்காரி ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி எதிரே வந்து அமர்ந்தாள். "தப்பு எங்க ரெண்டு பேரு மேலயும்தான். செல்லாதுன்னு எவன் சொன்னான்? அன்னிக்குத் தின்ன சோத்துக்கு அன்னிக்குக் காசுதானே சரி. எண்ணுங்க."

தாய் எண்ணினாள். கடைக்காரி விட்டுக்கொடுக்காமல் தானும் ஒவ்வொன்றாய் எண்ணினாள். "முப்பத்தாறுதான் இருக்கு. ஒண்ணு குறையுது."

பெரியீர், அவ்வொரு சொல்லில் இருந்த மதிப்பை நான் எவ்வாறு உரைப்பேன்! இரந்து நிற்பவளிடம் எவரும் அவ்வாறு எண்ணிப் பாரார். கடன் தீர்க்க வந்தவளிடமே எண்ணிப் பார்ப்பர். தாய் பதறவில்லை, நிமிர்ந்தாள். முடிச்சின் மூலையில் ஒட்டிக்கிடந்த கடைசிக் காசை நகத்தால் நெம்பி எடுத்து, டக்கென்று பலகையில் வைத்தாள்.

அப்போது கடைக்காரி அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துச் சுவரில் பதினொரு கோடு கிழித்தாள்; ஈரத்துணி ஒன்றைத் தாயின் கையில் கொடுத்தாள். "எங்கம்மாவுக்கு எழுதத் தெரியாது. கோடுதான் கணக்கு. தீத்தவங்க அவங்க கையாலயே அழிக்கணும்னு சொல்லுவா."

எழுத்தறியாத அந்தக் கை, எழுத்தறியாத ஒருத்தியின் கணக்கை, முதற்கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை, அவசரமின்றித் துடைத்தது. பின் தாய் தட்டைத் தன்பால் இழுத்தாள். பிசைந்த முதற்பிடியைத் தான் உண்ணாமல் மகன் வாயருகே நீட்டினாள். "வாங்கிக்கடா. பொய் சொன்ன வாயி, கொஞ்சம் சூடா இருக்கட்டும்."

வாங்கினான். இரண்டாம் முறை சோறு கேட்டாள். மூன்றாம் முறை, கீரை மட்டும். இன்றைய சோற்றுக்கு இன்றைய விலையை மகன் கொடுக்க, கடைக்காரி அதையும் எண்ணியே வாங்கிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் அவன் தொலைவுக் கற்களைப் படிக்கவில்லை. முடிச்சவிழ்ந்த முந்தானை காற்றில் தளர்ந்து பறக்க, தான் சுமந்து இட்ட சாலையின்மேல் சுமையேதுமின்றி அமர்ந்து, தாய் உறங்கிப் போயிருந்தாள். குழியுள்ள இடந்தோறும் மகன் வண்டியை மெல்ல ஓட்டினான்.